ஓரம்தான் ஒழுகும்

எங்கள் வீடு புதுச்சேரியில் பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கிறது. பாட்டனார் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு. தேக்குச் சட்டங்களின்மேல் செங்கல்லை நெட்டுக்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்டு, அதற்கும் மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். வெயில் காலத்தில் அந்த மாடிக்குக் கீழே படுப்பது பரம சுகம். ஆனால் ஐப்பசி பிறந்து, வங்காள விரிகுடாவில் ஒரு புயல் சின்னம் தோன்றிவிட்டால், வீட்டில் உள்ள பாத்திரங்கள் எல்லாம் கூடத்துக்கு வந்துவிடும். இங்கே ஒரு குண்டான், அங்கே ஒரு தவலை, கட்டிலின்மேல் ஒரு வாளி.

என் தகப்பனார் வருஷா வருஷம் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறுவார். கொத்தனார் தளத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நாலு ஓடு மாத்தணுங்க" என்பார். அப்பா ஒப்புக்கொள்ள மாட்டார். கைப்பிடிச் சுவரும் தளமும் சேருகிற மூலையைக் காலால் தொட்டுக் காட்டுவார். "ஓடு ஒழுகாதுப்பா. ஓரம்தான் ஒழுகும். அங்கே பாரு" என்பார். அநேகமாக அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

அப்பா போய் வெகு காலத்துக்குப் பிறகு, 2018-ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில், ஓர் இருதய டாக்டரின் வாயிலிருந்து அதே பேச்சைக் கேட்டேன். "வால்வு நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சுற்றித் தைத்திருக்கிற ஓரத்தில் ஒழுகுகிறது" என்றார் அவர். அவர் பேசியது என் அக்காவின் இருதயத்தைப் பற்றி.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. தொண்டைப் புண்ணோடு ஆரம்பித்தது. தொண்டை ஆறியபின் மூட்டுக்கு மூட்டு வலி. இன்றைக்கு முழங்கால், நாளைக்கு மணிக்கட்டு. அம்மா உப்பைச் சட்டியில் வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தது எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. டாக்டர் மூன்று வாரத்துக்கு ஒரு தரம் பெனிசிலின் ஊசி போடவேண்டும், வருஷக்கணக்கில் போடவேண்டும் என்று சொல்லியிருந்தார். வலி நின்றதும் ஊசியும் நின்றது. வலி இல்லாத பெண்ணுக்கு எதற்கு ஊசி என்று வீட்டில் நினைத்துவிட்டார்கள்.

அந்தக் காய்ச்சலின் தந்திரமே அதுதான். மூட்டை நக்கிவிட்டு இருதயத்தைக் கடிக்கிற நோய் என்று டாக்டர்கள் இதைச் சொல்வதுண்டு. தொண்டைக்கு வந்த கிருமியோடு சண்டை போடக் கிளம்பிய உடம்பின் சேனை, பகைவன் எவன், வீட்டுக்காரன் எவன் என்று தெரியாமல் இருதயத்தின் வால்வையும் சேர்த்து வெட்டுகிறது. இடப் பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற மைட்ரல் வால்வுக்குத்தான் காயம் அதிகம். பிஷப்புகள் தலையில் வைக்கிற தொப்பியின் சாயல் இருப்பதால் அதற்கு அந்தப் பெயர். எங்கள் மிஷன் வீதி மாதா கோவிலில் திருவிழா பார்த்தவர்களுக்கு அந்த உருவம் சுலபமாக விளங்கும்.

அக்காவின் வால்வு முப்பது வருஷம் சுருங்கிச் சுருங்கி, 2011-இல் முடியாமல் போயிற்று. சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மார்பைத் திறந்து, கெட்ட வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அது எந்த ஊர்ச் சரக்கு என்பது இங்கே முக்கியம் அல்ல. வைத்த கை நல்ல கை. ஏழு வருஷம் அக்கா சமைத்தாள், கோவிலுக்குப் போனாள், மகளுக்குக் கல்யாணம் செய்து வைத்தாள்.

ராத்திரி ஊர் அடங்கியபின் அவள் பக்கத்தில் உட்கார்ந்தால் 'டிக், டிக்' என்று மெல்லிய ஓசை கேட்கும். "உங்க மாமாவுக்குக் கடிகாரம் வாங்கற செலவு மிச்சம்" என்று அக்கா சிரிப்பாள். மாமா உயிரோடு இருந்தவரையில் அந்த ஓசை கேட்டால்தான் தூக்கம் வரும் என்பார்.

அந்த ஓசைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1952-இல் அமெரிக்காவில் சார்லஸ் ஹஃப்னகல் என்ற டாக்டர், கூண்டுக்குள் உருளும் ஒரு பந்தையே வால்வாகச் செய்து ஒரு பெண்மணியின் பெருந்தமனியில் பொருத்தினார். அந்தப் பந்து விழுகிற சத்தம் அடுத்திருப்பவர்களுக்கும் கேட்குமாம். 1960-இல் ஸ்டார் என்ற டாக்டரும் எட்வர்ட்ஸ் என்ற பொறியாளரும் சேர்ந்து, மைட்ரல் வால்வின் இடத்திலேயே பொருத்தும்படி ஒன்று செய்தார்கள். நம் தேசத்தில் இந்த வேலையில் முனைந்து நின்றவர் டாக்டர் வலியத்தான். திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் அவரும் அவருடைய கூட்டத்தாரும் பல வருஷம் பாடுபட்டார்கள். ஒரு மாதிரி தோற்றது. இரண்டாவது தோற்றது. மூன்றாவதும் தோற்றது. நாலாவது மாதிரிதான் நின்றது. 1990 டிசம்பரில் அதை முதன்முதலாக ஒரு நோயாளிக்கு வைத்தார்கள். அதற்குப் பிறகு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சித்ரா வால்வுகள் மனித இருதயங்களில் ஏறியிருக்கின்றன. வலியத்தான் 2024-இல் காலமானார்.

இந்த வால்வுகளில் உலோகம் உண்டு, உறுதியான பிளாஸ்டிக் உண்டு. ஆனால் உலோகத்தை உடம்போடு தைக்க முடியாது. ஆகையால் வால்வைச் சுற்றிப் பாலியெஸ்டர் துணியால் ஒரு வளையம் கட்டியிருப்பார்கள். ஊசி ஏறுவது அந்தத் துணியில்தான். நாள் ஒன்றுக்கு ஒரு லட்சம் தடவை துடிக்கிற இருதயத்தில், மெஷினில் செய்த பொருளும் பிறவியில் வந்த சதையும் சேருகிற இடம் அந்த ஒரு தையல் வரிசை. அப்பா காலால் தொட்டுக் காட்டுவாரே, அந்த மூலை!

இனி என் சங்கதிக்கு வருகிறேன்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். என் நாவல்களில் இரண்டு பேர் இருதய நோயால் இறந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் மார்பைக் கையால் பிடித்துக்கொண்டு, சொல்லவேண்டிய கடைசி வார்த்தையைத் தவறாமல் சொல்லிவிட்டு, நாற்காலியில் சாய்ந்தார்கள். இருதய நோய் என்றால் இப்படித்தான் வரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். மனிதர்களைக் கவனிப்பதுதான் என் தொழில் என்று கூட்டங்களில் பேசியும் இருக்கிறேன்.

மாமா காலமான பிறகு அக்கா எங்களோடு வந்து இருந்தாள். அவளுக்கு மாடி அறை. 2018 புரட்டாசியில் ஒரு நாள், படியின் நடு வளைவில் அவள் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். "என்னக்கா?" என்றேன். "ஒண்ணும் இல்லடா. தெருவிலே யாரோ கூப்பிட்ட மாதிரி இருந்தது" என்றாள். மறுநாளும் அதே வளைவில் நின்றாள். தெருவில் யாரும் கூப்பிடவில்லை. எனக்கு அந்த வாரத்துத் தொடர்கதை அத்தியாயம் பாக்கி இருந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து என் மனைவி வந்து, "அண்ணி கண்ணு மஞ்சளா இருக்குதுங்க. ஆளும் வெளுத்துப் போயிருக்காங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். மஞ்சள்தான். சிறுநீர் எப்படிப் போகிறது என்று என் மனைவி கேட்டதற்கு, "வரக்காப்பி மாதிரி போவுது" என்று அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். கண் மஞ்சள், சிறுநீர் கறுப்பு. தமிழ்நாட்டில் எந்த வீட்டில் சொன்னாலும் ஒரே விடைதான்: காமாலை.

எங்கள் ஊர் வைத்தியத்துக்குப் புதிது அல்ல. பிரெஞ்சுக்காரர்கள் 1823-லேயே இங்கே ஒரு வைத்தியப் பள்ளிக்கூடம் வைத்துவிட்டார்கள். 1964-இல் அது ஜிப்மர் என்று பெயர் பெற்றுக் கோரிமேட்டில் ஒரு தனி ஊராகவே வளர்ந்துவிட்டது. வட ஆற்காட்டிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் பஸ் ஏறி அங்கே வருகிறார்கள். வீட்டு வாசலில் ரிக்ஷாவோ ஆட்டோவோ ஏறினால் அரை மணிக்குள் நான் கோரிமேட்டில் இருப்பேன். அப்படி இருந்தும், ஒரு சிநேகிதர் சொன்னார் என்று, விழுப்புரத்துப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்கு அக்காவை அழைத்துக்கொண்டு போனேன். அங்கே காமாலைக்கு மருந்து கொடுக்கிற ஒரு பெரியவர் இருந்தார். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் கொடுத்தார். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது என்று பத்தியம். மூன்று வாரம் வரச் சொன்னார்.

கீழாநெல்லியைப் பழிக்க நான் வரவில்லை. அந்தப் பெரியவரும் காசுக்கு ஆசைப்பட்டவர் அல்ல. ஆனால் அது கல்லீரலுக்கென்று கொடுக்கிற மருந்து. அக்காவின் கல்லீரலில் ஒரு கோளாறும் இல்லை. மூன்று வாரமும் அவள் வெளுத்துக்கொண்டே போனாள். "இங்கிலீஷ் மருந்து எல்லாத்தையும் நிறுத்திடும்மா" என்று பெரியவர் சொன்னபோது நான் தலையை ஆட்டினேன். அக்காவும் ஆட்டினாள். ஆனால் உலோக வால்வில் ரத்தம் உறையாமல் இருப்பதற்காகத் தினம் போட்டுக்கொள்கிற அசிட்ரோம் மாத்திரையை அவள் எனக்குத் தெரியாமல் போட்டுக்கொண்டே இருந்தாள். நிறுத்தியிருந்தால் வால்விலேயே ரத்தம் கட்டியிருக்கும். இந்தக் கட்டுரையே வேறு விதமாக இருந்திருக்கும். அதுவும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நாலாவது வாரம் படியின் முதல் கட்டிலேயே அக்கா உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஏழுக்கு வந்திருந்தது. தொண்டை வழியாக உணவுக் குழலில் ஒரு கருவியை இறக்கி, இருதயத்தின் பின்புறத்திலிருந்து அலட்ராசவுண்டு படம் எடுத்தார்கள். டாக்டர் என்னை அழைத்துத் திரையைக் காட்டினார். வால்வின் தகடுகள் கோவில் கதவு போல ஒழுங்காகத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. ஆனால் வளையத்தின் ஓரத்தில் ஒரு சிறிய பிறைபோன்ற இடைவெளி. ஒவ்வொரு துடிப்புக்கும் அதன் வழியாக ஒரு வண்ணத் தாரை பின்னோக்கிப் பாய்ந்தது.

"கொஞ்சந்தானே ஒழுகுகிறது?" என்று கேட்டேன்.

"அதுதான் தொல்லை" என்றார் டாக்டர். இடப் பக்கத்துக் கீழறை சுருங்கும்போது அழுத்தம் மிக அதிகம். அந்த அழுத்தத்தில், கிழிந்த குழாயில் தண்ணீர் பீச்சுவது போல, விநாடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் ரத்தம் சந்து வழியாகப் பாய்கிறது. சைக்கிளை வேகமாக மிதிக்கிறவனின் வேகம் அது. ரத்தத்தின் சிவப்பு அணுக்கள் மெத்தென்றவை. துணியிலும் தையலிலும் அந்த வேகத்தில் மோதினால் கிழிந்து போகின்றன. 120 நாள் உயிரோடு இருக்கவேண்டிய அணு அற்பாயுளில் சாகிறது. கிழிந்த அணுக்களின் சாயம் கண்ணுக்கு மஞ்சளாக வருகிறது, சிறுநீருக்குக் கறுப்பாகப் போகிறது. பெரிய ஓட்டையாக இருந்தால் மூச்சு வாங்கும், கால் வீங்கும். சின்ன ஓட்டை ரத்தத்தையே அரைத்துவிடும். அக்காவுக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

ஏன் தையல் விட்டது என்று கேட்டேன். பல காரணம் சொன்னார். வால்வில் கிருமி தங்கினால் விடும். பல்லைப் பிடுங்கும்போது ரத்தத்தில் கலக்கிற கிருமிகூட அங்கே போய்த் தங்கலாம். அதனால்தான் வால்வு வைத்தவர்கள் பல் வைத்தியரிடம் முதலில் அதைச் சொல்லி, முன்கூட்டியே மருந்து எடுத்துக்கொள்ளவேண்டும். அக்காவின் ரத்தத்தில் கிருமி இல்லை. பழைய காய்ச்சலால் வால்வைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்திருந்தது; அப்படிப்பட்ட சதையில் போட்ட தையல் நாளடைவில் அறுத்துக்கொள்வது உண்டு. தைத்தவர் பேரிலோ வால்வின் பேரிலோ குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

மார்பை மறுபடியும் திறந்து தைக்கலாம். இரண்டாவது தடவை திறப்பது முதல் தடவையைவிட ஆபத்து. இன்னொரு வழி, அடைப்பான் வைப்பது. தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழலைச் செலுத்தி, இருதயத்தின் மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஒரு துளையிட்டு, இடப் பக்கம் போய், அந்தப் பிறை இடைவெளியில் ஒரு கம்பி வலையை விரிப்பார்கள். நிக்கலும் டைட்டேனியமும் சேர்ந்த கம்பி. குழலுக்குள் நூல்போல ஒடுங்கி இருக்கும். வெளியே வந்தால் தன் பழைய உருவத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு விரிந்துகொள்ளும். அதைத்தான் செய்தார்கள். மூன்று மணி நேரம் நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். என் மூளையில் ஒரு கதை வாக்கியம்கூட ஓடவில்லை.

முதல் இரண்டு வாரம் சிறுநீர் கறுப்பாகவே போயிற்று. வலையின் கண்களில் சதை வளர்ந்து மூடவேண்டும், அதுவரை ரத்தம் வலையிலும் மோதி உடையலாம் என்று எச்சரித்திருந்தார்கள். தினம் காலையில் அக்கா வெளியே வரும்போது நானும் என் மனைவியும் அவள் முகத்தைப் பார்ப்போம். பதினெட்டாம் நாள், "இன்னிக்குத் தெளிஞ்சு போச்சுடா" என்றாள். என் மனைவி மணக்குள விநாயகருக்குத் தேங்காய் உடைக்கப் புறப்பட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருக்கோடி முசியே அக்காவைப் பார்க்க வந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர். எங்கள் ஊரில் அவர்களுக்குச் 'சொல்தா' என்று பெயர். "உனக்குமா ஒழுக்கு? எனக்கும்தாம்மா" என்றார், ஏதோ கௌரவம் கிடைத்தவர்போல.

அவருக்கு வயிற்றில் பெருந்தமனி பலூன்போல் ஊதியிருந்தது. பிள்ளை பாரிஸில் இருக்கிறான். அங்கேயே சிகிச்சை நடந்தது. இந்த வியாதிக்குப் பெயர்போன நோயாளி விஞ்ஞானி ஐன்ஸ்டீன். 1948-இல் அவருடைய ஊதிய தமனியைச் செலோபேன் காகிதத்தால் சுற்றி வைத்தார் டாக்டர் நிஸ்ஸன். ஏழு வருஷம் தாங்கிற்று. 1955-இல் அது வெடித்து ஐன்ஸ்டீன் இறந்தார். பிறகு 1990-இல், சித்ரா வால்வு நோயாளிக்கு ஏறிய அதே வருஷத்தில், அர்ஜென்டினாவில் பரோடி என்ற டாக்டர் தொடை வழியாகவே போய், ஊதிய குழாய்க்குள் இன்னொரு துணிக் குழாயைப் பொருத்திக் காட்டினார். முசியேக்கு வைத்தது அந்த ஜாதிதான். அங்கும் இதே கதை. துணிக் குழாய்க்கு ஒன்றும் ஆகாது. அது சுவரோடு ஒட்டுகிற மேல் ஓரத்திலோ கீழ் ஓரத்திலோ ரத்தம் கசிந்து, பழைய ஊதலுக்குள் போய் நிரம்பலாம். துண்டுகள் சேருகிற மூட்டில் கசியலாம். அந்த இரண்டையும் உடனே கவனிக்கவேண்டும். சிறு கிளைக் குழாய்களிலிருந்து பின்னோக்கி வருகிற கசிவு ஒன்று உண்டு. ஊதல் பெருக்காதவரையில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் போதும். முசியேக்கு இருந்தது அது.

"உனக்காவது சிறுநீர் சொல்லிக் கொடுத்திச்சு. எனக்கு வலி இல்லே, சத்தம் இல்லே, ஒண்ணுமே தெரியாது. வருஷத்துக்கு ஒரு தரம் படம் எடுத்தாத்தான் தெரியும். நல்லா இருக்கேனேன்னு போகாம இருந்தா, ஒரு நாள் நல்லாவே இருக்கும்போது போயிடுவேன்" என்றார் முசியே.

அவர் போனபிறகு அக்காவும் நானும் வெகுநேரம் பேசவில்லை. என் மனத்தில் இருந்ததைக் கடைசியில் சொன்னேன். "படியிலே நீ நின்னதைப் பார்த்தேன்க்கா. பார்த்துட்டுத்தான் உள்ளே போயிட்டேன்."

"தெரியும்டா" என்றாள் அக்கா. "நீ கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். மறுபடி நெஞ்சைப் பொளப்பாங்களோன்னு பயம். காமாலைன்னு நீ சொன்னதும் எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்தது தெரியுமா?"

அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் புரிந்தது. காமாலை எங்கள் இரண்டு பேருக்கும் வசதியான நோயாக இருந்திருக்கிறது. அவளுக்குப் பயத்திலிருந்து வசதி. எனக்குத் தொடர்கதையிலிருந்து வசதி. ஏழு வருஷத்துக்கு முன்பே வால்வு சமாசாரம் முடிந்துவிட்டது என்று நாங்கள் கணக்கை மூடிவிட்டோம். வருஷாந்தரப் பரிசோதனைக்குக் கடைசியாகப் போனது எப்போது என்று டாக்டர் கேட்டபோது, என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அக்காதான் சொன்னாள்: "மூணு வருஷம் ஆச்சுங்க. தம்பிக்கு வேலை ஜாஸ்தி."

அந்தக் கடைசி வாக்கியத்தில் கோபம் துளியும் இல்லை. அதனால்தான் இன்னும் மறக்கவில்லை.

வால்வு வைத்துக்கொண்டவர்கள் பயப்பட வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. தொல்லை கொடுக்கிற அளவுக்கு ஒழுகுவது நூற்றில் சிலருக்குத்தான். அந்தச் சிலரைக் கண்டுபிடிப்பதும் கஷ்டம் இல்லை. மூச்சு வாங்கினால், கால் வீங்கினால், முகம் வெளுத்தால், கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், விடாமல் காய்ச்சல் அடித்தால், வீட்டில் இருப்பவர்கள் தாங்களே பெயர் வைத்துக்கொள்ளாமல் வால்வு டாக்டரிடம் போகவேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டாலும் வருஷத்துக்கு ஒரு தரம் போகவேண்டும். இவ்வளவுதான்.

அக்காவுக்கு இப்போது ஐம்பத்தைந்து வயது. கீழே கூடத்தை ஒட்டிய அறைக்கு வந்துவிட்டாள். ஓரத்தில் இன்னும் ஒரு நூலளவு கசிகிறது, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பரிசோதனைத் தேதியை நாள்காட்டியில் நானே சிவப்பு மையால் வட்டமிட்டு வைக்கிறேன்.

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி பலத்த மழை. கூடத்தில் குண்டான்களை வைத்துவிட்டு அக்காவின் அறை வாசலில் வந்து நின்றேன். மழை சற்று ஓய்ந்த இடைவெளியில் 'டிக், டிக்' என்று கேட்டது. அவள் தூங்கவில்லை.

"எங்கேடா ஒழுகுது?" என்றாள்.

"கூடத்திலேக்கா. நாலு ஓடு மாத்தணும்போல இருக்கு."

"போடா" என்றாள் அக்கா. "விடிஞ்சதும் மாடிக்குப் போய் ஓரத்தைப் பாரு."